கோச்சை

சேவலின் காலில் பேத்தி கட்டியிருந்த ரோஸ் ரிப்பனை அவர் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே காலில் கத்தியை வைத்து நூலால் சுற்றினார்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தம்பி பஞ்சுமிட்டாயில் முகத்தைப் புதைத்திருந்தான். அவளுடையது கரைந்து விரல்களில் பிசுபிசுத்தது.

"அப்புச்சி, கத்தி எதுக்கு?"

"சும்மா நில்லு கண்ணு."

பொங்கல் நோம்பிக் கண்காட்சிக்குப் போகலாம் என்றுதான் காலையில் பேரப்பிள்ளைகளைக் கிளப்பினார். கூடையில் சேவலையும் எடுத்ததும், அழகான சேவலுக்குப் பரிசு தருவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டினாள். குளிப்பாட்டித் துடைத்தாள். ரிப்பன் கட்டினாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

கண்காட்சியில் மாடுகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். ராட்டினம் சுற்றியது. சேவல்களை மோதவிடும் கட்டு மட்டும் பின்னால், புளியந்தோப்பில்.

மகள் அவர் வாசலை மிதிப்பதில்லை. சின்ன வயதில் அவர் கையால் வாங்கிய அடிகளை அவள் மறக்கவில்லை. பிள்ளைகளை மட்டும் லீவுக்கு அனுப்புவாள். ஒரே ஒரு பேச்சுத்தான்: அவர் கை அவர்கள் மேல் படக்கூடாது. பட்டால் அதோடு சரி.

முதலில் வேண்டாவெறுப்பாக வந்த பேத்தி, பிறகு அடம்பிடித்து வந்தாள். சேவலுக்காக. அதற்கு டப்பு என்று பெயர் வைத்தாள். கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வரும். அவள் உள்ளங்கையில் பொட்டுக்கடலை தின்னும்.

கட்டுச்சேவலை யாரும் இப்படிக் கைபழக்க மாட்டார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் விட்டுவிட்டார். எதற்காக வந்தால் என்ன, பிள்ளை வருகிறாளே, அது போதாதா.

இப்போது டப்புவைக் களத்தில் விட்டார்.

எதிரே ஒரு செவலைச் சேவல். அதை விட்டவர் பக்கத்து ஊர்க்காரர், வயதில் இளையவர்.

இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பின. இறகு பறந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. மறுபடி எழும்பின. கீழே வந்தபோது செவலைக்கு ஒரு கண் இல்லை.

அவர் தொடையில் தட்டினார். வருஷக்கணக்கில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வரவில்லை.

டப்பு விடவில்லை. செவலையின் மேல் ஏறி நின்று கழுத்தைக் கொத்தியது. பின்னங்கழுத்துத் தோல் பிய்ந்து தொங்கியது. செவலை மண்ணில் முகத்தைத் தேய்த்தது. இன்னும் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

அவளால் பார்க்க முடியவில்லை. கொல்லாதே என்று அதனிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

"டப்பூ!"

டப்பு தலையைத் தூக்கியது.

இறங்கியது. திரும்பியது. செவலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தனை கூட்டத்திலும் அவளைக் கண்டுபிடித்து, அவளைப் பார்த்து நடந்து வந்தது.

செவலை பின்னாலிருந்து பாய்ந்தது.

களத்தைச் சுற்றிய கயிற்றுக்கு அடியில் புகுந்து அவள் ஓடினாள். வாரி எடுத்தாள். வயிறு நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளேயிருந்து வந்ததை அவள் உள்ளங்கையால் திரும்பத் தள்ளப் பார்த்தாள். கவுன் முழுக்க ரத்தம். டப்பு அவள் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஒருதரம் கொத்தியது. பிறகு கொத்தவில்லை.

தோற்ற சேவல் கோச்சை. உயிரோடிருந்தாலும் செத்தாலும் அது ஜெயித்தவருக்கு. அன்றைக்கே குழம்பாகிவிடும்.

ஜெயித்தவர் வந்தார். தன் சேவலின் கண் இருந்த இடத்தைத் துண்டால் அமுக்கியபடி, அவளைப் பார்த்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"அட, உடுங்க பெரியவரே. புள்ளையே வெச்சுக்கட்டும்."

அங்கே அப்புச்சி சரி என்று சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தோப்பு முழுக்க அவரையே பார்த்தது. தோற்றதும் அல்லாமல் கோச்சையையும் பிச்சை வாங்குவதா?

"கோச்சை உங்களுதுங்க" என்றார்.

குனிந்து சேவலைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த விரல் மறுபடி மூடியது. அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள்.

அடி விழுந்த சத்தத்தில்தான் தன் கை எழுந்ததே அவருக்குத் தெரிந்தது.

அவள் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். உதடு கிழிந்திருந்தது. அழவில்லை. கைகள் தாமாகத் திறந்துகொண்டன.

சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கி அவர் ஜெயித்தவரிடம் நீட்டினார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

பிறகு பஸ் ரோடு.

அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவர் காலிக் கூடையோடு பின்னால் நடந்தார். மணிக்கட்டில் பல் பதிந்த இடம் எரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வாள்? சொல்லவே வேண்டாம், உதடு இருக்கிறது. இனி லீவு என்று ஒன்று அந்த வீட்டுக்கு வராது.

சட்டைப்பையில் கைவிட்டார். ரிப்பன் கிடைத்தது.

"மிருதுளா" என்றார்.

அவள் நடந்தாள்.

"மிருது! கண்ணு!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கும் கேட்டது. தோள்கள் இறுகியதை அவர் பார்த்தார்.

தம்பி மட்டும் திரும்பினான். அவள் அவன் தலையைக் கையால் பிடித்து, முன்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.