வாரேன்

பெரு நாட்டு மலையுச்சியில் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தையும், பிறகு கலாபகஸ் தீவுகளையும் பார்க்க வேண்டும் என்பது நேசக்குமாரின் மனைவி ஈவாஞ்சலினின் ஆசை. விசா வந்த வாரத்தில் அவள் இறந்துபோனாள். நேசக்குமார் தூத்துக்குடியிலிருந்து தனியாகவே கிளம்பினார்.

மலையில் வழக்கம்போல வேகமாக முன்னால் நடந்தவர், பழக்கதோஷத்தில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏளா, வாரியா?"

"வாரேன்" என்றது எதிரொலி.

அவர் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். 'வாரியா' என்றால் 'வாரியா' என்றுதான் திரும்பி வர வேண்டும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. யாரும் இல்லாமல் போய்விடலாம்.

தீவில் விலங்குகளுக்கு மனிதர்களிடம் பயமில்லை. பாதையில் படுத்திருந்த கடல் உடும்பு அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியது. அவர் கடந்த பிறகும், இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல ஓரத்திலேயே நின்றது. அதன்பின் அவர் மெதுவாக நடந்தார். அவள் இருந்தவரை ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

தூத்துக்குடி விமான நிலைய வாசலில் முன்பின் தெரியாத ஒரு டாக்ஸி. நேசக்குமார் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"கொஞ்சம் பொறுங்க தம்பி."

பிறகு கதவைச் சாத்திவிட்டு, சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார். பக்கக் கண்ணாடியைப் பார்த்த டிரைவர் சொன்னார்.

"அம்மா சேலை கதவுல மாட்டியிருக்கு அண்ணாச்சி. உள்ள இழுத்துக்கிடச் சொல்லுங்க."