எட்டாவது டேக்

"மன்னிச்சிடுங்க ஐயா... அந்த நெல் மில்லுக்குத் தீ வச்சது நான்தான். பயத்துல உங்க பேரைச் சொல்லிட்டேன்." கொரியாவின் குன்சான் துறைமுகத்துப் பன்றிக்குடல் சூப் கடையில், ஒரு கிழவர் முன்னால் மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார் தே-சிக்.

"கட்! இன்னொரு டேக் போலாம் சார்" என்றாள் டைரக்டர் சன்-யங்.

தே-சிக்கின் கண்ணீர் குழாயை மூடினாற்போல் நின்றது. முப்பது வருடமாகத் திரையில் அழுது பேர் வாங்கிய மனிதர். முழுக் கதையைக் கேட்டு ஒப்புக்கொள்ளும் வழக்கமே அவருக்குக் கிடையாது. அன்றன்றைக்கு வரும் பக்கத்தைக் காலையில் ஒருமுறை புரட்டுவார், அவ்வளவுதான்.

"ஏழு டேக் ஆச்சும்மா. இந்தப் பெரியவரை எங்க புடிச்சே? நான் நெஞ்சு வெடிக்க அழறேன், இவரு முள்ளங்கி கிம்ச்சியை நறுக் நறுக்னு கடிச்சிட்டிருக்காரு. மரக்கட்டை!"

"அவருக்கு நடிக்கத் தெரியாது சார். சும்மா உட்காரச் சொல்லியிருக்கேன்."

கிழவர் காதில் விழாதவர் போல் சூப்பில் சோற்றைக் கலந்துகொண்டிருந்தார்.

"கதையே அபத்தம். பத்து வயசுப் பையன் ஒரு பொய் சொன்னான், மில்லு கூலிக்காரன் ஒருத்தன் ஒன்பது வருஷம் ஜெயிலுக்குப் போனான். சரி. அதுக்காக நாப்பது வருஷம் கழிச்சு எவனாவது தேடி வந்து கால்ல விழுவானா? அவனவன் பொழப்பைப் பாத்துட்டுப் போயிட்டே இருப்பான். இந்தக் குத்த உணர்ச்சியெல்லாம் உங்கள மாதிரி படம் எடுக்கிறவங்களுக்கும், விருது குடுக்கிற கமிட்டிக்கும்தான் வரும்."

யூனிட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்!

"மத்தியானம் எடுக்கப்போற கோர்ட்டு சீனும் தப்பு" என்று கையிலிருந்த தாளை விரலால் சுண்டினார். "பையன் நின்னுக்கிட்டு சாட்சி சொல்றானாம். சின்னப் பையனை யாரு நிக்க வைப்பா? நாற்காலியில உட்கார வைப்பாங்க. கால் தரைக்கு எட்டாது. கை நடுங்குச்சுன்னா ஜட்ஜே ஆளை விட்டு பார்லி தண்ணி குடுக்கச் சொல்வாரு."

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா?"

"எல்லாம் ஒரு பொது அறிவுதான். உங்க சினிமா காலேஜுல இதெல்லாம் எங்க சொல்லித் தராங்க!"

சன்-யங் பேனாவை எடுத்தாள். அவர் சொன்னதை வரி விடாமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

எட்டாவது டேக். இந்த முறை தே-சிக் தன் வித்தை மொத்தத்தையும் இறக்கினார். இரண்டு கையாலும் மரியாதையாகச் சோஜு மதுவை ஊற்றினார், பாதி தரையில் சிந்தியது. நெற்றி சிமெண்டில் இடிக்க விழுந்து, "ஐயா... ஐயா..." என்று குரல் உடைய அழுதார். விளக்குப் பிடித்திருந்தவன் மூக்கை உறிஞ்சினான். கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்!"

கைத்தட்டல் கடையை நிறைத்தது. தே-சிக் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிவிட்டார். பார்த்தாயா என்பது போல் டைரக்டரைப் பார்த்தார். "என்னம்மா, இப்பவாவது ஓகேவா? இல்ல, இதுக்கும் ஏதாவது குறை இருக்கா?"

சன்-யங் மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேஜைக்குப் போய், கிழவரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. ஓகேவா?"

கிழவர் அவளுடைய சொந்த அப்பா என்று தெரிந்ததும் கைத்தட்டல் அடங்கிப்போனது. கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, தே-சிக்கை ஏற இறங்கப் பார்த்தார். பூசியிருந்த மேக்கப்பையும் மீறி தே-சிக்கின் முகம் வெளிறிப்போனது.

"இல்லம்மா. பத்து வயசுல, கோர்ட்டுல, இவன் இதைவிட நல்லா நடிச்சான்."