இன்னும் ஆள் வரட்டும்

"உனக்குன்னு ஒரு சேதியும் வர்றதில்லையே தங்கச்சி, அப்புறம் எதுக்கு என்கிட்ட சண்டைக்கு நிக்கிறே?" என்றான் கஸ்பார், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி.

திக்லிபூர் வயர்லெஸ் நிலையத்தின் வாசலில் விசாலாட்சி நின்றிருந்தாள். நிறைமாத வயிறு. வரப்பு வழியாக அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. காடு வெட்டி வயலாக்கிய வங்காளிக் குடியிருப்பில், நிரஞ்சன் மண்டலைக் கட்டிக்கொண்டு வந்து வாழும் தமிழ்ப் பெண். அவளைப் பற்றி அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

"சண்டை இல்லண்ணே. முன்ன மாதிரி அந்தப் பெரியவரை வாயால படிக்கச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். இந்த டிக் டிக் சத்தம் யாருக்குப் புரியுது?"

"எனக்குப் புரியுதில்ல? நான்தான் எல்லாருக்கும் சத்தமா சொல்றேனே!"

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? அந்த டிக் டிக் அவன் மூளையில் உதித்த திட்டமாயிற்றே.

முன்பெல்லாம் போர்ட் பிளேரில் சிவஞானம் சார் மைக்கின் முன் உட்கார்ந்து, கப்பல் வரும் நாள், அரிசி ஏற்றிய சேதி, சொந்தக்காரர்களின் சுகம் எல்லாவற்றையும் திக்லிபூருக்கு ஒரு தடவை, மாயாபந்தருக்கு ஒரு தடவை, ரங்கத்துக்கு ஒரு தடவை என்று தனித்தனியாக வாசிப்பார். இங்கே வாசலில் கூடியிருப்பவர்களுக்கு ஸ்பீக்கரின் இரைச்சலில் பாதி காதில் விழாது. திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குள் இங்கே பேட்டரி படுத்துவிடும். ஒருநாள் பாம்பு கடித்த ஆளுக்கு டாக்டரைக் கூப்பிட லைன் கிடைக்காமல் போய்விட்டது. அன்றைக்குத்தான் கஸ்பார் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். மோர்ஸ் தந்திக் குறியில் ஒரே தடவை தட்டட்டும், எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்ளட்டும். 'எல்லாரும் சுகம்' என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு, யார் யாருக்கு என்று பெயர்களை மட்டும் அடுக்கினால் போதும். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

ஒரு மணி நேர வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. மேலிடத்திலிருந்து ஷாபாஷ் வந்தது. கஸ்பார் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

சிவஞானம் சாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. கடைசியாக வாயால் பேசிய அன்று, "வாயால சொல்றதுல ஒரு ஒட்டுதல் இருக்குய்யா கஸ்பாரு. அதையுமா மிச்சம் பிடிக்கணும்?" என்று கேட்டார்.

கஸ்பார் சிரித்துவிட்டான். கிழவருக்கு வம்பளக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தான். பின்னே என்ன? முகம் பார்த்துப் பழகாத மனிதர், தினமும் ஆரம்பிக்கும் முன் ஒரே கேள்வி கேட்பார். "இன்னைக்கு அங்க கேக்க யாரெல்லாம் வந்திருக்காங்க?" வாசலில் நிற்பவர்களின் பெயரையெல்லாம் இவன் ஒப்பிக்க வேண்டும். அதற்கும் மேலே, "பொறுய்யா, இன்னும் ஆள் வரட்டும்" என்று பேட்டரியின் உயிரை வாங்குவார். புதுத் திட்டம் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

"ஏக் பார்ண்ணே, ஒரே ஒரு தடவை," என்றாள் விசாலாட்சி. "நாளைக்குப் பிரசவத்துக்கு மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குப் படகேறப் போறேன். தலைப்பிரசவம். பயமா இருக்கு. அந்தக் குரலைக் கேட்டுட்டுப் போனா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"நல்ல கூத்தும்மா இது! எவரோ ஒரு கிழவர் குரலைக் கேட்டா உன் பயம் போயிடுமா?"

சொல்லிவிட்டானே தவிர, அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டான். இவளை இப்படித் தினமும் நடக்க விடுவதைவிட, உள்ளதைச் சொல்லிவிடுவதே நல்லது என்று பட்டது.

"உக்காரு. இங்க பாரு தங்கச்சி, இனிமே அந்தக் குரல் வரவே வராது. சிவஞானம் சார் போன வாரமே தவறிட்டார். மாரடைப்பாம். இப்ப தட்டுறது புது ஆளு. தட்டுற கை வேற மாதிரி இருக்கேன்னு சேதியெல்லாம் முடிஞ்ச பிறகு கேட்டேன், சொன்னான்."

அவள் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரமேவா? அதை ஏண்ணே ஊருக்குச் சொல்லல?"

"அது ஆபீஸ் சமாச்சாரம்மா. ஜனங்களுக்கு வேண்டியதை மட்டும்தானே சொல்றோம். நேரத்தை மிச்சம் பிடிக்கணுமில்ல?"

விசாலாட்சி நிலையிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அந்த ஸ்பீக்கரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என் பேரை ஒருநாளும் சொல்ல மாட்டாருன்னு தெரியும்ணே. வங்காளியைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே, எனக்கு மகளே இல்லேன்னுட்டாரு. அப்பா சொன்னா சொன்னதுதான். குரலையாவது கேட்டுக்கிட்டிருந்தேன்."

கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் கூட்டத்தில் கடைசியாக வந்து சேருகிறவள் இவள்தான். "மண்டல் வீட்டு விசாலாட்சியும் வந்தாச்சு சார்" என்று அவன் சொன்ன பிறகுதான், ஒருநாள் தவறாமல், அந்தக் கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பிப்பார்.