வெளியிலிருந்து வந்தவர்கள்

“கண்டுபிடிச்சுட்டா என்னா சார் பண்ணுவீங்க?”

முன்வரிசையில் இருந்த பக்கிரிசாமி எழுந்து இப்படிக் கேட்டதும் ராதாகிருஷ்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போதுதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறார், அதற்குள் கேள்வி! கோலாலம்பூரில் கேள்வி நேரம் என்று அறிவித்தால் நாற்காலி நகர்கிற சத்தம்தான் கேட்கும்.

விண்கற்களைப் பற்றியும், பூமிக்கு வெளியே உயிர்கள் உண்டா என்பது பற்றியும் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அவருக்கு உயிர். ஆனால் ‘அண்டவெளி உயிரினங்களும் விண்கற்களும்’ என்று நோட்டீசு ஒட்டினால் மண்டபத்துக் காவல்காரரும் மழைக்கு ஒதுங்கினவரும்தான் வருகிறார்கள். கேமரன் மலையிலும் கூட்டம் சேரவில்லையென்றால் இதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அறிவியல் மன்றத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். வழி சொன்னது மனைவிதான். தோட்டத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி தலைப்பு வைக்கக் கூடாதா என்று கேட்டாள். வைத்தார், ‘வெளியிலிருந்து வந்தவர்களைத் தேடி’ என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேயிலைச் செடி கண்ணுக்குத் தெரியாத பனி. ஆனாலும் மண்டபம் நிறைந்து வழிந்தது. ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

“முதல்ல எங்க இருந்து வந்தாங்கன்னு விசாரிப்போம்” என்ற ராதாகிருஷ்ணன், மேசைமேல் இருந்த விண்கல்லைத் தூக்கிக் காட்டினார். “இதப் பாருங்க. பாத்தா நம்ம ஆத்துக் கல்லு மாதிரிதான் இருக்கும். ஆனா எங்க பொறந்தது, எப்படி இங்க வந்ததுன்னு எல்லாத்தையும் கண்டுபிடிச்சிரலாம். தப்பிக்கவே முடியாது.”

கல் கை மாறிப் போனது. வாங்கினவர்கள் சூடு பட்டதுபோல் அடுத்தவரிடம் தள்ளினார்கள். கல்லுக்கே இந்தக் கதியா என்று பின்னால் யாரோ முனகியது அவர் காதில் விழவில்லை.

பக்கிரிசாமியின் மனைவி வடிவம்மாள் எழுந்தாள். “ரொம்ப காலத்துக்கு முந்தியே வந்து, இங்கேயே தங்கிட்டவங்களா இருந்தா, ஐயா?”

ராதாகிருஷ்ணன் நெகிழ்ந்துபோனார். என்ன கூர்மையான கேள்வி! உயிர் என்பதே வெளியிலிருந்து வந்து இங்கே கலந்திருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதை விளக்கினார். ஆனாலும் முறையாகத் தேடினால் அடையாளம் தெரிந்துவிடும் என்று உறுதியும் கொடுத்தார்.

பாஷை வராவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். பாஷைதான் பெரிய பரீட்சை, அதில் தேறினால்தான் மற்றதெல்லாம் என்றார் ராதாகிருஷ்ணன். மண்டபமே பெருமூச்சு விட்டது.

அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. அது 1976. செவ்வாய்க் கிரகத்தில் விண்கலம் இறங்கியிருந்த நேரம். கரும்பலகையில் பூமிக்காக நீலத்தில் ஒரு வட்டமும் செவ்வாய்க்காகச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டார்.

“நாமெல்லாம் நீலம். நீலத்துல தேட வேண்டிய அவசியமே இல்ல. இந்தச் சிவப்பு இருக்கே, இதுலதான் தேடிக்கிட்டு இருக்காங்க. செவ்வாயிலதான் ஆரம்பம்.”

“இந்தச் செவ்வாயா சார், அடுத்த செவ்வாயா?” என்றார் பக்கிரிசாமி.

தோட்டத்து ஜனங்களுக்கு என்ன நகைச்சுவை! ராதாகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

வடிவம்மாள் அழுதுகொண்டிருந்தாள். “அகப்பட்டா திருப்பி அனுப்பிருவீங்களா ஐயா? அங்க அவங்களுக்கு யாரு இருக்கா?”

செவ்வாய்க் கிரகத்து ஜீவனுக்காகக் கண்ணீர் விடும் பெண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை. “அதெல்லாம் பெரிய எடத்துல முடிவு பண்ணுவாங்கம்மா” என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்தார்.

தலைவரிடம் எப்படியெல்லாம் பீற்றிக்கொள்ளலாம் என்று யோசித்தபடி கற்களைப் பெட்டியில் அடுக்கினார். அப்போது பக்கிரிசாமி ஒரு தகரப் பெட்டியோடு மேடையேறி வந்தார். நல்ல தேயிலைத் தூளாக இருக்கும் என்று ராதாகிருஷ்ணன் ஆசையாகக் கை நீட்டினார்.

அந்தக் கையில் பக்கிரிசாமி வைத்தது தன் அடையாளக் கார்டை. மலேசியாவில் குடிமக்களுக்கு நீலக் கார்டு. குடியுரிமை கிடைக்காமல், எந்த நேரம் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தவர்களுக்குச் சிவப்பு. இது சிவப்பு.

“நீங்க தேடுற ஆளு நான்தான் சார். குடியுரிமைக்கு வைக்கிற மலாய்ப் பரீட்சையில ஒவ்வொரு வாட்டியும் பெயிலு லா. வடிவு நீலம், அவள விட்டுருங்க. செவ்வாய் வரைக்கும் எதுக்கு, பெட்டி கட்டிட்டேன், இன்னிக்கே வந்துர்றேன். இந்தத் தோட்டத்துல சிவப்பு நான் ஒருத்தன்தான், வேற யாரையும் தேடாதீங்க.”

ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஆளுக்கொரு பெட்டியும் கையில் சிவப்புக் கார்டுமாக வாசல்வரை வரிசை நின்றது.

பக்கிரிசாமியும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உங்க கார்ல எடம் பத்தாது போலிருக்கே சார். எஸ்டேட்டு லோரிய வரச் சொல்லட்டுமா?”