ரெண்டு சொட்டு வெனிலா

பையிலிருந்து வெனிலா எசன்ஸ் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள் அவள். பாதி காலியாகியிருந்தது.

“இதையாவது விட்டுவைங்க மேடம். இது இல்லாம இவருக்கு ஒரு நாள்கூட ஓடாது.”

உணவு ஆலோசகர், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். பேக்கரியில் கேக் மாஸ்டர். அடுப்புச் சூட்டில் முழங்கைவரை மயிர் கருகிய ஆள். நாலு மாதம் முன்பு, மூடிவைத்த மாவுபோல உப்பியிருந்த வயிறு இப்போது ஒட்டிப்போயிருந்தது.

“கோதுமை, பால், தேன் எல்லாம் உங்க குடலுக்குள்ள போய்ப் புளிச்சுப் பொங்குதுன்னு சொன்னேனே. நிறுத்திட்டீங்கதானே?”

“நிறுத்திட்டேன் மேடம்.”

“அப்புறம் எசன்ஸ் எதுக்கு? கேக் ஆசை விடலையா?”

“ஆசையா? பதினாறு வருஷமா அந்த வாடையிலேயே வேகுறேன். பார்த்தாலே குமட்டுது,” என்றார் மாஸ்டர். “ஆனா ஒவ்வொரு ட்ரேயிலயும் மாஸ்டர் ஒரு வாய் தின்னு சரின்னு சொன்னாத்தான் கேக் கடைக்குப் போகும். அது முதலாளி போட்ட சட்டம்.”

“உடம்புக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிடுங்க.”

“எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாரு. சர்க்கரை வியாதி. மறுநாளே மாவு மூட்டை தூக்க அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசத்துல இடுப்பு போச்சு, வேலையும் போச்சு.”

“இப்ப முதலாளிக்கு இவர் மேல உசுரு,” என்றாள் மனைவி. அதே பேக்கரியில் ட்ரே கழுவுகிறவள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. “நாலு மாசமா ஒரு புகார்கூட இல்லையாம். ‘இப்பத்தான்யா உன் நாக்கு வேலை செய்யுது’ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு.”

மாஸ்டர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஆலோசகருக்குச் சுருக்கென்றது. “அப்ப பேக்கரியில தின்னுட்டு, வீட்டுல பட்டினி கிடந்து வயித்தை வத்த வைக்கிறீங்க. என்கிட்ட எதுக்குங்க பொய்?”

“ஒரு துணுக்குகூட உள்ள போகலை மேடம்,” என்றாள் மனைவி. “எசன்ஸ் ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஆகும். குடல்ல புளிக்கிற சரக்கு அதுல இல்லை. ரெண்டு சொட்டு ஒண்ணும் பண்ணாது. பாட்டிலோட கவுத்தாத்தான் வம்பு, சிலதுல சாராயம் இருக்கும்.”

“ரெண்டே சொட்டுதான், நாக்கு நுனியில.” அவளுக்கு மூச்சு வந்தது. “முதலாளி மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு கேப்பாரு. வாயில கேக் வாசனை அடிச்சா நம்பிட்டுப் போயிடுவாரு.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார்.

“வாசனையை வச்சு முதலாளியை ஏமாத்தலாம். வாங்கித் தின்கிறவங்களை ஏமாத்த முடியுமா? இனிப்பு கூடவா, குறைவா, உள்ள வெந்துச்சா, இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியுது?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“ட்ரேயில ஒட்டினதை வழிச்சுத் தின்னு, நான்தான் மேடம் இவருக்குச் சொல்லுவேன்.”