இடிக்கிற வண்டிக்கு முன்னாடி வந்த கேமரா

எங்க மாப்பிள்ளை வக்கீலு. டாகுமெண்டரியும் எடுக்குறாராம், பெரிய கலைஞரு! ஒரு தையல்காரம்மா குடியிருந்த வாடகை வீட்ட இடிச்சத எடுத்திருந்தாரு. படத்தத் திரையிட்ட அன்னிக்கு, அவ தையல் மெஷினக் கட்டிப்பிடிச்சு அழுததப் பாத்து ஹாலே மூக்கச் சிந்துச்சு. "இடிக்கிற வண்டிக்கு முன்னாடியே இவரு கேமரா போயிடுச்சும்மா"ன்னு என் பொண்ணுக்கு ஒரே பெருமை.

படம் முடிஞ்சதும், அங்க வந்திருந்த தையல்காரம்மா மாப்பிள்ளை கையப் புடிச்சுக்கிட்டா. "சார், இடிச்சது தப்புன்னு அப்பீல் போடணும், நீங்களே எனக்காக வாதாடுங்க. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"பாக்கலாம்மா"ன்னாரு உருக்கமா.

கார்ல ஏறினதும் கேட்டேன். "அவ கேஸ எடுப்பீங்கதானே மாப்ள?"

சிரிச்சாரு. "எப்படி அத்தை? என் கட்சிக்காரர் கோவிச்சுக்குவாரே!"

"அது யாரு?"

"அந்த வீட்டு ஓனர்தான். ஜூனியர கோர்ட்டுக்கு அனுப்பி, இடிக்க ஆர்டர் வாங்கினதே நான்தானே? இல்லேன்னா எந்த நாள்ல இடிப்பாங்கன்னு கேமராவுக்கு எப்படித் தெரியும்?"