ஒரு பிடி கீழ்காய்நெல்லி

"விடடி அதை! ஆரைக் கேட்டு என்ரை பாத்தியிலை கை வைச்சனீ?"

செல்வநாயகம் போட்ட சத்தத்தில், பிடுங்கிய கீழ்காய்நெல்லியோடு அப்படியே எழும்பி நின்றாள் லூர்த்தம்மா. குருநகரிலிருந்து இரண்டு பஸ் ஏறி உரும்பிராய்க்கு வந்திருக்கிறாள். வீட்டில் ஏழு வயது ஜெரிசனுக்குச் செங்கமாரி. கண் இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கிறான்.

"கோவியாதேங்கோ ஐயா. கூப்பிட்டனான், ஒருத்தரையும் காணேல்லை. பிள்ளைக்குப் பச்சையா அரைச்சுப் பாலிலை குடுக்கவேணும். எங்கடை கடற்கரை மணலிலை உது எங்கை முளைக்குது?"

"பச்சையாவோ?" அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. பார்வை படலையடியில் கீரை ஏற்ற நின்ற வான் வண்டிக்கு ஓடித் திரும்பியது. "தரேலாது. போடு கீழை!"

"கீரைக்குள்ளை நிக்கிற களைதானே ஐயா. நாளைக்கு நீங்களே பிடுங்கி எறியப்போறியள்."

"களையெண்டாலும் என்ரை காணியிலை நிக்கிற களை!"

பறித்தே விட்டார். பறித்ததும் போதாதென்று சேற்றில் போட்டு மிதித்தார்.

அதே பாத்தியில் பிடுங்கிய கீரைக்கட்டுகளை வானில் ஏற்றிக்கொண்டிருந்த வியாபாரி றஞ்சித்துக்கே பொறுக்கவில்லை.

"ஒரு பிடி புல்லு, அண்ணை. குடுத்தால் குறைஞ்சோ போவியள்?"

"நீ உன்ரை அலுவலைப் பார்!"

லூர்த்தம்மா ஐயா என்ற மரியாதையை அங்கேயே இறக்கி வைத்தாள். "என்ரை பிள்ளைக்கு ஒண்டு நடந்தால், உந்தக் காணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிட!"

பஸ் தரிப்பிடம் வரைக்கும் திட்டு ஓயவில்லை. அவள் கும்பிடும் புனித சவேரியார் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்.

பஸ் தூரத்தில் தெரிந்த நேரம், செல்வநாயகத்தின் பெண்சாதி கமலாவதி சைக்கிளில் மூச்சிரைக்க வந்து குதித்தாள். கையில் ஒரு பை நிறையக் கீழ்காய்நெல்லி.

"இந்தாங்கோ அக்கா. எங்கடை கிணத்தடியிலை நிண்டது. இவர்தான் தன்ரை கையாலை பிடுங்கித் தந்துவிட்டவர்."

"ஆர், அந்த மனுசனோ?"

"அந்தப் பாத்திக்கு நேற்றுப் பின்னேரந்தான் பூச்சிநாசினி அடிச்சவர். பிள்ளைக்குப் பச்சையாக் குடுக்கப்போறியளெண்டு கேட்டவர், நீங்கள் போன கையோடை கிணத்தடிக்கு ஓடினவர், அக்கா."

"அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாமே! நான் மண் அள்ளித் தூத்தாத குறையாத் திட்டிப்போட்டன்."

கமலாவதி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தோட்டப் பக்கம் பார்த்தாள்.

பஸ்ஸை முந்திக்கொண்டு றஞ்சித்தின் வான் போனது. அதன் பக்கவாட்டில் பெரிய பச்சை எழுத்தில் இருந்தது:

"உரும்பிராய்த் தோட்டத்து நஞ்சில்லாக் கீரை. குழந்தைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்."